இடிக்க ஆள் கூப்பிடும் முன்: கல்லூரிப் பக்கத்து ஐம்பது, அறுபதுகளின் வீடுகளைக் காத்துப் பயன்படுத்த ஒரு வழிகாட்டி

மதுரையில் தல்லாகுளம், சொக்கிகுளம், நரிமேடு, பீபிகுளம் பக்கம் தெருத் தெருவாக நடந்தால் ஒரே சாயலில் சில வீடுகள் தென்படும். தட்டையான மொட்டை மாடி. ஜன்னல்களுக்கு மேல் பட்டையாக நீண்டு ஓடும் சன்ஷேடு. மாடிப்படிச் சுவரில் காற்று புகத் துளைகள் விட்ட சிமெண்ட் ஜாலி. முன்னால் மெல்லிய தூண்கள் தாங்கும் போர்ட்டிகோ. உள்ளே மொசைக் தரை. சிலவற்றில் கைப்பிடிச் சுவரிலேயே கட்டிய வருஷத்தைச் சிமெண்டில் எழுதியிருப்பார்கள். தேனி சாலையில் நாகமலை புதுக்கோட்டைக்குப் போனால் இதே குடும்பத்தைச் சேர்ந்த, கொஞ்சம் பிந்திய வீடுகளைப் பார்க்கலாம்.

இவை இந்தப் பகுதிகளில் கூட்டமாக எழுந்ததில் கல்லூரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்கன் கல்லூரி 1881இலேயே தொடங்கிவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகோ வரிசையாக வந்தன: 1948இல் லேடி டோக், 1949இல் தியாகராசர் கல்லூரி, 1953இல் பாத்திமா, 1954இல் மருத்துவக் கல்லூரி, 1957இல் திருப்பரங்குன்றத்தில் தியாகராசர் பொறியியல் கல்லூரி, கடைசியாக 1966இல் பல்கலைக்கழகம். (காமராசர் பெயர் அதற்கு 1978இல்தான் வந்தது.) இருபது வருஷத்துக்குள் இத்தனை. அங்கே வேலைக்கு வந்த பேராசிரியர்களும் டாக்டர்களும் அலுவலர்களும் சைக்கிளில் போய்வரும் தூரத்தில் மனை வாங்கி வீடு கட்டினார்கள்.

அந்தத் தலைமுறை போய்விட்டது. பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு முதலில் வருபவர் அடுக்குமாடி கட்டுகிற பில்டர். இன்னொரு பக்கம், அதே தெருவில் படிப்பகத்துக்கும் விடுதிக்கும் மெஸ்ஸுக்கும் இடம் தேடி அலைகிற மாணவர்கள். இந்த இரண்டையும் சேர்த்துவைக்க நினைப்பவருக்காக இதை எழுதுகிறேன். வீட்டை வாரிசாகப் பெற்றவராக இருக்கலாம், வாடகைக்கு எடுப்பவராக இருக்கலாம், கட்டடக்கலை தெரியாதவராகவும் இருக்கலாம். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: இந்த வீடுகள் மதுரை வெயிலைக் கணக்கில் வைத்துக் கட்டப்பட்டவை. அந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட பிறகு கைவையுங்கள். புரியாமல் கைவைத்தால் காசும் போகும், வீடும் போகும்.

வயதும் காகிதமும்

முதலில் வீடு எப்போது கட்டியது என்று உறுதி செய்யுங்கள். பத்திரம், சொத்து வரி ரசீது, வரைபட அனுமதி, பழைய மின் இணைப்புக் காகிதம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேருங்கள். வில்லங்கச் சான்றிதழ் இணையத்தில் பெரும்பாலும் 1975 முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தியது வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். கட்டியவர் குடும்பத்தில் யாராவது உயிரோடு இருந்தால் ஒரு மதியம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். எந்தப் பக்கம் பிறகு சேர்த்தது, எங்கே கிணறு இருந்து மூடினார்கள், எந்த அறை ஒழுகும் என்பதெல்லாம் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

வயது ஏன் முக்கியம்? கட்டுமானப் பொருள் வயதைப் பொறுத்து மாறும். கோவை மதுக்கரையில் சிமெண்ட் ஆலை 1934இல் வந்தது, நெல்லை தாழையூத்தில் 1949இல். ஆனாலும் சிமெண்ட் நினைத்தபோது கிடைக்காது. பெர்மிட் வாங்கித்தான் எடுக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்ததே 1982இல்தான். அதனால் சிமெண்டைத் தளத்துக்கும் தூணுக்கும் வைத்துக்கொண்டு, பூச்சுக்கும் மொட்டை மாடிக்கும் சுண்ணாம்பு போட்ட வீடுகள் நிறைய. கம்பியும் வழவழப்பான உருட்டுக் கம்பியாக இருக்கும். முறுக்குக் கம்பி பரவலானது பிறகுதான். நம் நாட்டுக் கான்கிரீட் தரநிலையான ஐ.எஸ். 456 முதன்முதலாக வெளிவந்ததே 1953இல். ஆக, ஐம்பதுகளின் வீட்டைத் திறக்கும்போது இன்றைய கணக்கை அப்படியே எதிர்பார்க்கக் கூடாது.

ஒரு நாள் முழுக்க வீட்டுக்குள் இருங்கள்

வேலை தொடங்கும் முன் காலை ஆறு மணியிலிருந்து சாயங்காலம் வரை அந்த வீட்டில் இருந்து பாருங்கள். முடிந்தால் சித்திரையில் ஒரு நாள், ஐப்பசி மழையில் ஒரு நாள். வெயில் எந்த ஜன்னல் வழியாக எத்தனை மணிக்கு உள்ளே வருகிறது, காற்று எந்த அறைக்குள் நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 9.9 பாகையில் இருக்கிறது. சித்திரை தொடக்கத்திலிருந்து ஆவணி முதல் பாதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே சாய்ந்து நிற்கும். வடக்குச் சுவரில் வெயிலே படாது என்று நினைத்தால் கோடைக் காலத்தில் அது தப்பு. அந்தக் காலத்துக் கட்டடங்களில் வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேடு இருப்பது இதனால்தான். ‘தெற்கில் மட்டும் போதுமே’ என்று வடக்குப் பக்கத்தை வெட்டிவிட்டு, கத்திரி வெயிலில் ஏ.சி. வாங்கியவர்கள் உண்டு.

மேற்குச் சுவரைக் கவனியுங்கள். குளியலறை, சமையல் சாமான் அறை, மாடிப்படி ஆகியவற்றை மேற்கே தள்ளி, படுக்கை அறையை வெயிலிலிருந்து காத்திருப்பார்கள். மாடிப்படிச் சுவரில் இருக்கும் ஜாலி வெறும் அலங்காரம் என்று நினைத்து அடைத்துவிடுகிறார்கள். உள்ளே தேங்கும் சூடான காற்று மேலே ஏறி வெளியேறும் வழி அது. ஆடி மாசத்து மேல்காற்று வீட்டுக்குள் வரும் வழியாகவும் அதுவே இருக்கலாம். அடைத்தால் கீழே ஹால் புழுங்கும். கூரையை ஒட்டிய வெண்டிலேட்டருக்கும் இதே வேலைதான். கொசுவுக்குப் பயந்து அட்டை வைத்து ஒட்டியிருந்தால் அட்டையை எடுத்துவிட்டுக் கொசுவலை அடியுங்கள்.

அளந்து வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்

டேப், வரைபடத் தாள், பென்சில், செல்போன் போதும். இரண்டு பேர் வேண்டும். ஒவ்வொரு அறையையும் நீளம், அகலம் அளந்த பிறகு மூலைவிட்டங்கள் இரண்டையும் அளங்கள். அவை சமமாக இல்லையென்றால் அறையின் மூலைகள் செங்கோணமாக இல்லை என்று பொருள். 1:50 அளவில் வரைந்தால் ஒரு மாடி ஒரே தாளில் அடங்கும். சுவர் கனம், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, சன்ஷேடு எவ்வளவு நீட்டம், உத்திரம் எங்கே ஓடுகிறது, ஒழுகல் கறை எங்கே எல்லாம் அதில் வர வேண்டும். விரிசல் இருந்தால் அதன் குறுக்கே பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மூன்று மாதத்தில் கோடு விலகியிருந்தால் விரிசல் இன்னும் வளர்கிறது.

பக்கத்தில் கல்லூரி இருப்பது இங்கே பெரிய பலம். தியாகராசர் பொறியியல் கல்லூரியில் கட்டடக்கலைத் துறை இருக்கிறது. மாணவர்களுக்குப் பயிற்சியாகவும் உங்களுக்கு நல்ல வரைபடமாகவும் அமையும்படி கேட்டுப் பார்க்கலாம். பாரம்பரியக் கட்டடங்களைக் காக்க 1984இல் தொடங்கிய இன்டாக் அமைப்புக்கு மதுரையில் கிளை உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நவீனக் கட்டடங்களைப் பதிவு செய்யவென்றே 1988இல் நெதர்லாந்தில் தொடங்கிய டோகோமோமோ அமைப்புக்கு இந்தியாவிலும் கிளை இருக்கிறது. தெருவில் பத்து வீடுகளை ஒரே படிவத்தில் பதிவு செய்து வைத்தீர்களானால், ஒரு வீட்டுக்காகப் பேசுவதைவிட உங்கள் பேச்சுக்கு எடை கூடும்.

முதல் செலவு மொட்டை மாடியில்

வண்ணம் பூசவோ கதவு மாற்றவோ பணம் இருக்கிறதா? அதை அப்படியே மொட்டை மாடிக்குத் திருப்புங்கள். ஒழுகல் நின்றால்தான் மற்ற எந்த வேலையும் நிலைக்கும்.

அந்தக் காலத்து மொட்டை மாடியில் கான்கிரீட் தளத்துக்கு மேல் இரண்டு அடுக்குகள் இருக்கும். கீழே சுண்ணாம்போடு செங்கல் ஜல்லி கலந்து அடித்த சுருக்கித் தளம். மேலே தளவோடு. பொதுப்பணித் துறைக் கணக்கில் இந்தக் கலவை 32 பங்கு செங்கல் ஜல்லிக்குப் பன்னிரண்டரைப் பங்கு நீற்றிய சுண்ணாம்பு, சராசரி மூன்று அங்குலக் கனம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். இப்படிப் போட்ட தளம் மழையைத் தடுக்கும், வெயிலையும் தடுக்கும். முக்கியமாக, உள்ளே போன ஈரத்தை வெளியே விடும்.

ஒழுகுகிறது என்று கொத்தனாரைக் கூப்பிட்டால் அவர் சொல்லும் முதல் யோசனை பெரும்பாலும் இதுதான்: “அண்ணே, மேல ஒரு கோட்டு சிமெண்டு போட்டு மூடிட்டா சரியாப்போயிரும்.” வேண்டாம். சுண்ணாம்பும் சிமெண்டும் வெயிலில் ஒரே மாதிரி விரிந்து சுருங்குவதில்லை. மேல் பூச்சு ஓரிரு கோடையில் வெடிக்கும், வெடிப்பில் தண்ணீர் இறங்கும், இறங்கின தண்ணீர் திரும்பி வெளியேற வழி இருக்காது. தார் பூசினாலும் இதே கதை, கூடவே வெயிலை இழுத்துக் கீழே இறக்கும்.

செய்ய வேண்டியது இந்த வரிசையில். முதலில் மழைநீர் வடியும் துவாரங்களையும் குழாய்களையும் சுத்தம் செய்யுங்கள். ஒழுகலில் நல்ல பங்கு அடைப்பினால்தான். பிறகு கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைச் சுற்றிலும் பாருங்கள். அங்கே விரிசல் இருந்தால் தட்டி எடுத்துவிட்டுச் சரிவாகப் பூச வேண்டும். அரசஞ்செடி முளைத்திருந்தால் வெட்டினால் போதாது, வேரோடு எடுக்க வேண்டும். அப்புறம் தளவோடுகளைச் சாவியால் தட்டிக்கொண்டே போங்கள். டொக்கென்று வெற்றொலி கேட்கிற ஓடுகளை மட்டும் சுண்ணாம்புக் கட்டியால் குறியிட்டு, அவற்றை எடுத்து மறுபடி பதித்து, இடுக்குகளை நிரப்புங்கள். முழுத் தளமும் உதிர்ந்து போயிருந்தால்தான் சுருக்கியைப் புதிதாகப் போட வேண்டும். கடைசியில் வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சோ அடித்தால் கீழறையின் சூடு கைக்கே தெரியும்படி குறையும்.

ஒரு எச்சரிக்கை. ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி நிரம்பினால் ஒரு டன். அது உட்காரும் இடம் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்குத் தரநிலை கணக்கில் எடுக்கும் சுமையோ சதுர மீட்டருக்கு 150 கிலோ. தொட்டியை அறையின் நடுவில், வெறும் தளத்தில் வைக்காதீர்கள். இரண்டு சுவர்களுக்கு மேல் உத்திரம் போட்டு அதன்மேல் ஏற்றுங்கள்.

கம்பியைப் பாருங்கள்

இந்த வீடுகளுக்கு வரும் பெரிய நோய் கம்பி துருப்பிடிப்பது. காற்றிலுள்ள கரியமில வாயு வருஷக் கணக்கில் மெல்ல மெல்லக் கான்கிரீட்டுக்குள் இறங்கி, கம்பியைக் காத்துவந்த காரத்தன்மையைக் குறைக்கிறது. அது கம்பியை எட்டியதும், ஈரமும் சேர்ந்தால், துரு தொடங்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால் உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். இன்று லேசான சூழலுக்கே கம்பிக்கு மேல் குறைந்தது 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது தரநிலை. பழைய தளங்களில் அரை அங்குலம்கூட இருக்காது.

சன்ஷேடைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நரிமேட்டில் நான் பார்த்த ஒரு வீட்டில் இரண்டடி நீட்டச் சன்ஷேடின் நுனி தொங்கிப் போயிருந்தது. அடிப்புறம் பாதுகாப்பாக முட்டுக் கொடுத்துவிட்டு, சுவரை ஒட்டிய இடத்தில் மேலிருந்து கொத்திப் பார்த்தோம். இரண்டு அங்குலம் இறங்கியும் கம்பி இல்லை. கம்பி அடியில் கிடந்தது. சுவரிலிருந்து வெளியே நீண்டு நிற்கும் பலகையில் இழுவிசை மேல்புறத்தில்தான் வரும், கம்பியும் மேலேதான் இருக்க வேண்டும். கான்கிரீட் போடுகிறபோது கம்பியின் மேலேயே ஏறி நடந்தால் அது அடியில் அமுங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்தச் சன்ஷேடை ஒட்டுப் போட்டுக் காப்பாற்ற முடியாது. அளவெடுத்து, அதே கனத்தில், கம்பியைச் சரியான இடத்தில் வைத்துப் புதிதாக வார்க்க வேண்டும். அதே வீட்டின் மற்ற பக்கத்துச் சன்ஷேடுகள் உறுதியாக இருந்தன. அவற்றைத் தொடத் தேவைப்படவில்லை.

நீங்களே செய்யக்கூடிய சோதனை எளிது. சின்னச் சுத்தியலால் தளத்தின் அடிப்புறத்தையும் உத்திரத்தையும் மெல்லத் தட்டுங்கள். கணீர் என்றால் நல்லது. வெறுமையாகக் கேட்டால் உள்ளே பிரிந்திருக்கிறது. நேர்க்கோட்டில் ஓடும் விரிசலும் பழுப்புக் கறையும் கம்பி இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுக்கும். இதற்கு மேல் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வேண்டும், இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். அவர் புதிதாக உடைத்த கான்கிரீட் முகத்தில் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்துப் பார்ப்பார். இளஞ்சிவப்பாக மாறும் இடத்தில் காரம் இன்னும் இருக்கிறது, நிறம் மாறாத இடத்தில் போய்விட்டது. இளஞ்சிவப்புக் கோடு கம்பிக்கு வெளியே இருக்கிறதா, கம்பியைத் தாண்டி உள்ளே போய்விட்டதா என்பதை வைத்துத்தான் பழுது பார்க்கும் முறையே முடிவாகும்.

பழுது என்றால், முட்டுக் கொடுத்து, துருப்பிடித்த கம்பியைச் சுற்றிலும் விரல் போகிற அளவுக்குக் கொத்தி, துருவை முழுக்கத் தேய்த்து, தேய்ந்து போன கம்பிக்குத் துணைக்கம்பி கட்டி, துருத் தடுப்புப் பூச்சுக் கொடுத்து, பாலிமர் கலந்த சாந்தால் அடைப்பது. உதிர்ந்த இடத்தில் சாதாரணச் சிமெண்டை அப்பிச் சுண்ணாம்பு அடித்துவிட்டால் அடுத்த மழைக்குள் அந்தப் பாளம் யார் தலையிலாவது விழும். ஒரு வீட்டில் எல்லா உத்திரமும் இப்படியிருந்து, காப்பாற்ற முடியாது என்று இன்ஜினியர் சொன்னால், அந்தப் பகுதியை இடிப்பதுதான் சரி. மாணவர்கள் தங்கப் போகும் இடம்.

வீட்டுக்கு ஏற்ற பயன்பாட்டைத் தேடுங்கள்

எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்பதை எடை தீர்மானிக்கும். வீட்டுத் தளத்துக்குத் தரநிலை எடுக்கும் சுமை சதுர மீட்டருக்கு 200 கிலோ. வகுப்பறைக்கு 300. அசையும் நாற்காலி போட்டுக் கூட்டம் நடத்தும் அரங்குக்கு 500. புத்தக அடுக்கு அறைக்கு 600, அடுக்கு உயர உயர அதுவும் கூடும்.

ஆகவே மாடியில் நூலகம் வைக்க ஆசைப்பட வேண்டாம். புத்தக அலமாரிகள் கீழ்த்தளத்தில், மண்மேல் உட்கார்ந்த தரையில். மாடியில் மேசை நாற்காலி போட்ட சின்னச் சின்னப் படிப்பறைகள், அதுவும் இன்ஜினியர் பார்த்துச் சொன்ன எண்ணிக்கைக்குள். இரண்டு மூன்று பேர் தங்கும் விடுதி அறைகளுக்கு வீட்டுக் கணக்கே பொருந்தும். போட்டித் தேர்வுப் பயிற்சி வகுப்பென்றால் ஹாலில் நாற்பது பேரை அடைக்க நினைப்பார்கள். கீழ்த்தளம் என்றால் பரவாயில்லை, மாடி என்றால் கூடாது.

என் அனுபவத்தில் இந்த வீடுகளுக்கு நன்றாகப் பொருந்துபவை படிப்பகம், ஆராய்ச்சி மாணவர் விடுதி, சிறிய அலுவலகம், மருத்துவர் ஆலோசனை அறை, தட்டச்சு அல்லது இசை வகுப்பு. ஜெராக்ஸ் கடையும் போர்ட்டிகோவில் அடங்கும், ஷட்டர் போடச் சுவரை உடைக்காமல் இருந்தால். மெஸ் நடத்துவதென்றால் சமையலைப் பின்கட்டில் தனிக் கூரையின் கீழ் வையுங்கள். பெரிய அடுப்பின் ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் வீட்டுக்குள் புகுந்தால் தளத்துக் கம்பிக்கும் கெடுதி, சுவருக்கும் கெடுதி.

அறைச் சுவரை உடைத்து இரண்டை ஒன்றாக்குவது இன்னொரு ஆசை. ஒன்பது அங்குலச் சுவர் என்றால் அது தளத்தைத் தாங்குகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நாலரை அங்குலத் தடுப்புச் சுவரை எடுக்கலாம், அதையும் இன்ஜினியர் பார்த்த பிறகு.

தரை, ஜன்னல், கதவு

மொசைக் தரையின் மேல் டைல் ஒட்டுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. அழகை விடுங்கள், எடையைப் பாருங்கள். ஒரு அங்குலச் சாந்தும் டைலும் சேர்ந்து சதுர அடிக்கு ஏழு கிலோ வரும். பத்துக்குப் பன்னிரண்டு மாடி அறைக்கு எண்ணூறு கிலோவுக்கு மேல் தேவையில்லாத பாரம். தரை உயர்ந்து கதவை அடியில் அறுக்க வேண்டியும் வரும்.

மொசைக் என்பது சலவைக்கல் சில்லும் சிமெண்டும் கலந்து, அறையிலேயே போட்டு, கல் வைத்துத் தேய்த்த தரை. அறுபது வருஷ அழுக்குக்குக் கீழே நிறம் அப்படியே இருக்கும். பாலிஷ் இயந்திரத்தில் முரட்டுக் கல்லில் தொடங்கி நைசுக் கல் வரை படிப்படியாகத் தேய்த்தால் திரும்ப வந்துவிடும். பள்ளம் விழுந்த இடத்துக்கு ஒட்டுப் போடும்போது நேரடியாகத் தரையில் போடாமல், முதலில் ஓரடிப் பலகையில் நாலைந்து கலவை வார்த்துத் தேய்த்துக் காயவிட்டு, எது பொருந்துகிறது என்று பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது எல்லாமே பொருந்துவது போலத் தெரியும். சிவப்பு ஆக்சைடு தரைக்கு ஆசிட் ஆகாது. சோப்புத் தண்ணீரில் துடைத்து, காய்ந்ததும் துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போதும். காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடிக் கல் பதித்த அறை இருந்தால் உடைந்த கல்லுக்கு மாற்று அங்கேயே இன்றும் வார்த்துக் கொடுக்கிறார்கள்.

தேக்கு ஜன்னல்களை எடுத்துவிட்டு அலுமினிய ஸ்லைடிங் போடாதீர்கள். இரண்டு கதவும் விரியத் திறக்கும் ஜன்னலில் முழுத் திறப்பும் காற்றுக்கு. ஸ்லைடிங்கில் எப்போதும் பாதிதான். புதுச்சேரியில் கட்டடக்கலைஞர் ஆண்டனின் ரேமண்ட் வடிவமைத்து 1940களில் முடிந்த கோல்கொண்டே விடுதியில் நீளப் பக்கங்கள் முழுக்க அசையும் பலகைகள்தான், அறை காற்றோட்டத்திலேயே குளிர்கிறது. அந்தப் பாடம் நம் பக்கத்துச் சாதாரண வீடுகளிலும் சிறிய அளவில் இருக்கிறது. பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, அதனால் உலர்வாகச் சுரண்டாமல் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் உடைக்காமல், நனைத்து, முழு ஷீட்டாக இறக்க வேண்டும்.

உடைந்த சிமெண்ட் ஜாலிக்கு மாற்று கடையில் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். உடையாத ஒன்றை எடுத்து மர அச்சு செய்து, மெல்லிய கம்பி வைத்து வார்த்துவிடலாம். நல்ல தச்சருக்கு இது பெரிய வேலை இல்லை.

வயரிங், குழாய், கழிப்பறை

மரப்பட்டையில் ஓடும் பழைய வயரிங் இருந்தால் முழுக்க மாற்றுங்கள். ஒரு பகுதியைக்கூட விட்டுவைக்க வேண்டாம். புதிய எர்த், 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் கட்டாயம். புதிய குழாயைப் புதைக்கத் தளத்தையும் உத்திரத்தையும் கொத்தக் கூடாது. சுவரின் மேலேயே நேர்த்தியாக ஓடவிடுங்கள். மூலையோடு மூலையாக, ஒரே உயரத்தில் போனால் பார்க்க உறுத்தாது.

விடுதிக்குக் கூடுதல் கழிப்பறை வேண்டியிருக்கும். படுக்கை அறைகளைக் குடைந்து உள்ளே திணிப்பதைவிட, பின்பக்கம் தனி அஸ்திவாரத்தில் ஒரு சின்னக் கட்டடம் எழுப்பி நடைபாதையால் இணைப்பது நல்லது. ஈரமெல்லாம் பழைய தளத்தை விட்டு விலகிவிடும். வாசலில் சாய்தளம் வைத்தால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் விடுங்கள். பழைய வீட்டின்மேல் இன்னொரு மாடி எழுப்புவதைப் பற்றி என் பதில் ஒன்றுதான்: வேண்டாம்.

அனுமதியும் சட்டமும்

வீட்டை விடுதியாகவோ வகுப்பாகவோ மாற்றினால் பயன்பாடு மாறுகிறது. 2019இன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி உங்கள் தெருவில் அது அனுமதிக்கப்படுகிறதா என்று மாநகராட்சியிலோ, மாநகராட்சிக்கு வெளியே என்றால் ஊராட்சியிலும் நகர் ஊரமைப்பு அலுவலகத்திலுமோ முதலில் கேளுங்கள். சொத்து வரியும் மின் கட்டண வகையும் மாறும். பெண்கள் விடுதி என்றால் 2014இன் சட்டப்படி உரிமம் வேண்டும். முன்பணம் கொடுத்த பிறகு இதையெல்லாம் விசாரிக்காதீர்கள்.

இந்த வீடுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறதா என்று கேட்பார்கள். 1958இன் மத்திய நினைவுச் சின்னச் சட்டம் நூறு ஆண்டு ஆனவற்றுக்குத்தான். தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையத்துக்கென 2012இல் சட்டம் வந்தது என்றாலும், தனி வீடு ஒன்றைக் காக்க அதை நம்பிக் காத்திருக்க முடியாது. தில்லியில் 1972இல் கட்டிய ஹால் ஆஃப் நேஷன்ஸ் என்ற கண்காட்சி அரங்கு உலகப் புகழ் பெற்றது. நாற்பத்தைந்து வயதுதான் ஆகியிருந்தது, 2017இல் இடித்துவிட்டார்கள். நம் ஊரில் 1952இல் திறந்த தங்கம் தியேட்டரும் இன்று இல்லை. அகமதாபாத்தின் இந்திய மேலாண்மைக் கழகத்தில் கதை வேறு விதமாகப் போனது. அமெரிக்கக் கட்டடக்கலைஞர் லூயி கான் வடிவமைத்த விடுதிகளில் 14ஐ இடிக்க 2020 டிசம்பரில் திட்டமிட்டார்கள். உலகம் முழுவதிலிருந்தும் எதிர்ப்பு வந்ததும் 2021 ஜனவரி முதல் நாளே அதைத் திரும்பப் பெற்றார்கள். பிறகு 2022இல் இடிக்கும் பேச்சு மறுபடி எழுந்தது. அதே வளாகத்து நூலகத்தைப் பழுது பார்த்த வேலைக்கோ 2019இல் யுனெஸ்கோவின் பாரம்பரியக் காப்பு விருது கிடைத்தது. எல்லாம் ஒரே வளாகத்தில்.

நம் தெரு வீடுகளுக்கு அத்தனை பேர் குரல் கொடுக்க மாட்டார்கள். உரிமையாளரின் கணக்குப் புத்தகத்தில்தான் அவை பிழைக்க வேண்டும். அதனால் வாரிசுகளிடம் பேசும்போது அழகைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். மாத வாடகை எவ்வளவு, பழுதுச் செலவு எவ்வளவு, எத்தனை வருஷத்தில் திரும்பும், சொத்து அவர்கள் பெயரிலேயே இருக்கும் என்பதை ஒரே தாளில் எழுதிக் காட்டுங்கள். “இடிச்சா என்ன கிடைக்கும்னு பில்டர் சொல்லிட்டாரு தம்பி, இடிக்காட்டி என்ன கிடைக்கும்னு நீங்கதான் சொல்லணும்” என்று ஒரு பெரியம்மா கேட்டார். நியாயமான கேள்வி. குத்தகை ஐந்து வருஷத்துக்குக் குறையாமல், பதிவு செய்ததாக இருக்கட்டும். பெரிய பழுதை யார் பார்ப்பது, எதை மாற்றக் கூடாது என்பதும் அதில் இடம்பெற வேண்டும். சன்ஷேடு, ஜாலி, வெண்டிலேட்டர், மொசைக், தேக்கு ஜன்னல் என்று பெயர் சொல்லியே எழுதுங்கள்.

வருஷா வருஷம்

பங்குனியில் மொட்டை மாடிக்கு வெள்ளை அடியுங்கள், சுத்தியலோடு ஒரு சுற்று தட்டிப் பாருங்கள். புரட்டாசி முடியும் முன் வடிகுழாய்கள், கைப்பிடிச் சுவர் மூலைகள், முளைத்த செடிகள் எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிடுங்கள். நம் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டும். மழை பெய்யும்போதே ஒரு தடவை குடையோடு மேலே ஏறி, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்து வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வேலைக்கு வந்த கொத்தனார், தச்சர், மின்பணியாளர் எண்களும், எந்தக் கலவையை எந்தத் தேதியில் எங்கே போட்டோம் என்பதும் அதே கோப்பில் இருக்கட்டும். பக்கத்தில் வேப்பமரம் இருந்தால் வடிகுழாய் வாய்களில் கம்பி வலைக் கூடை மாட்டிவிடுங்கள், சருகு உள்ளே போகாது.